வெள்ளையில் கிடைக்காத உடை

நம் வயதுப் பெண்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். மூலக்குளத்தில் காலையில் பால் வாங்க நிற்கிறோமே, அந்த வரிசையில் யாரைப் பார்த்தாலும் நைட்டி. தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு பை. பேரப்பிள்ளைகள் அதைக் கேலி செய்கிறார்கள். சோம்பேறிகளின் உடை என்கிறார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிப்பதில்லை. பாகூருக்குக் கிழக்கே, மணப்பட்டுக்குப் போகிற வழியில் இருந்த எங்கள் ஊரில், அந்த உடையை முதன்முதலாகப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தவள் என் அத்தை. அதற்காக அவள் பட்டதும், அவளுக்காக நாங்கள் சில சிறுமிகள் செய்ததும் ஒரு கோடை விடுமுறைக்குள் நடந்தவை. நான் அப்போது ஆறாவது முடித்திருந்தேன்.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. பெரியப்பாவும் அப்பாவும் அவளைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். நெட்டப்பாக்கம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டாம் வருடமே மாமா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிள்ளை இல்லை. எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளை வெள்ளைச் சேலையில்தான் பார்த்திருக்கிறேன். நீலம் போட்டு அலசிய கெட்டித் துணி. அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கும்போது கன்னத்தில் சுருக்கென்று உரசும். கஞ்சி மணமும் அடுப்புப் புகை மணமும் சேர்ந்து வரும். இன்றைக்கும் எங்காவது கஞ்சி போட்ட துணியை முகர்ந்தால் அவள் முதுகுதான் நினைவுக்கு வருகிறது.

அவளை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரியப்பா அவள் சாப்பிட்டாளா என்று கேட்காமல் கை கழுவ மாட்டார். பெரியம்மா அவளுக்கென்று தனியாகத் தயிர் எடுத்து வைப்பாள். ஆனால் யாராவது வெளியூர் கிளம்பினால் அத்தை தானாகவே பின்கட்டுக்குப் போய்விடுவாள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் கிளம்பிப் போகும்வரை மாட்டுக்கொட்டகையில் ஏதாவது வேலை பார்ப்பாள். போ என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய வேலையை அந்தச் சேலையே செய்துகொண்டிருந்தது.

பங்குனிக் கடைசியில், கரும்பு வெட்டு முடிந்து சருகு கொளுத்துகிற வாசனை ஊரெல்லாம் நிறைந்திருந்தபோது, அத்தைக்கு வயிற்று வலி வந்தது. சூட்டு வலி என்று இரண்டு நாள் வெந்தயமும் மோருமாகப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் சுருண்டு விழுந்துவிட்டாள். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் குடல்வாலை எடுத்தார்கள். அம்மா கூட இருந்தாள். திரும்பி வருகிற அன்று வாடகைக் கார் வந்து நின்றது. பெரியம்மா ஆரத்தி எடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அத்தை கதவைத் திறந்து இறங்கினாள்.

மஞ்சள் நிறம். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப் பூக்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணி.

பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒரு டவுன்காரம்மா கொடுத்தது என்று அம்மா அவசரமாகச் சொன்னாள். தையல் போட்ட இடத்தில் பாவாடை நாடா உரசக்கூடாது, ஒரு மாதத்துக்கு இடுப்பில் எதையும் இறுக்கிக் கட்டக்கூடாது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாளாம். பெரியப்பா தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, உள்ளே கூட்டிப்போகச் சொன்னார்.

நோயாளியைப் பார்க்கத் தெருவே வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்தவர்கள் அத்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோடி வீட்டம்மா விளிம்பைப் பிடித்து உள்பக்கம் தையலைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, மேலயும் இல்லாம கீழயும் இல்லாம ஒரே பையா இருக்குது?"

அத்தை, அதற்கு நைட்டி என்று பெயர் என்றாள். இராத்திரிக்குப் போடுவதைப் பகலில் போடலாமா என்று அந்தம்மா கேட்டாள். வலி பகல் இராத்திரி பார்த்தா வருகிறது என்று அத்தை சொன்னதைக் கேட்டு நான் அதிசயித்தேன். அதற்கு முன் அவள் யாருக்கும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

பெரியப்பா அன்று மாலையே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு மாதம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் வெள்ளையில் ஒன்று வாங்கி வந்துவிடலாம். மறுநாள் அப்பா டவுனுக்குப் போனார். காலை பஸ்ஸில் போனவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை முழுக்கப் பிளாட்பாரம் பிளாட்பாரமாக அலைந்ததாகச் சொன்னார்.

"வெள்ளையில வராதாம்ணே. எவன் தைப்பான்னு கேட்டு சிரிக்கிறானுங்க."

இருப்பதிலேயே அடக்கமானது என்று அப்பா எடுத்து வந்தது, வெளிர் நீலத்தில் குட்டிக் குட்டி இலைகள் போட்டது. பெரியப்பா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். சின்ன வயதில் அத்தைக்கு நீலம்தான் பிடித்த நிறம் என்று வெகு காலம் கழித்து அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். அப்பா அன்றைக்கு உண்மையிலேயே வெள்ளையைத்தான் தேடினாரா என்று அதற்குப் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். அவர் இருக்கும்போது கேட்டிருக்கலாம்.

மஞ்சள் நைட்டியை என்ன செய்வது என்ற பொறுப்பைப் பெரியம்மா எடுத்துக்கொண்டாள். வெந்நீரில் சலவை சோடா போட்டு வேகவைத்தால் சாயம் போய்விடும், பூவும் மங்கிவிடும் என்பது அவள் கணக்கு. கொல்லையில் நெல் அவிக்கிற அண்டாவை ஏற்றி, நைட்டியோடு வீட்டுத் துணிகளையும் போட்டுக் கரும்புச் சருகை எரித்து அரைநாள் வேகவைத்தாள். சாயம் போனது உண்மைதான். அது பெரியப்பாவின் வேட்டிகளில் போய் ஒட்டிக்கொண்டது. நைட்டியில் பூக்கள் துளியும் மங்காமல் அப்படியே இருந்தன. கோயில் தர்மகர்த்தாவான என் பெரியப்பா அந்தச் சித்திரை மாதம் முழுக்க இடுப்பில் ஊதாத் திட்டுகளோடுதான் வயலுக்குப் போய் வந்தார். வீட்டில் யாரும் அவர் எதிரில் சிரிக்கவில்லை. அத்தை மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் பிரிந்துவிடப் போகிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த மாதத்தில் அவள் எப்படி மாறினாள் என்பதைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். சேலையோடு இருந்தபோது தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்த கைகள் அவை. இப்போது அவற்றுக்கு வேறு வேலை கிடைத்தது. நைட்டியில் வலது பக்கம் ஒரு ஜோபி இருந்தது. அதற்கு முன் அவளுக்கு ஜோபி இருந்ததே இல்லை. அதற்குள் ஒரு கையை விட்டுக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டாள். வெல்லக்கட்டி, மாங்காய்க் கீற்று, சீப்பு, கொட்டகைச் சாவி எல்லாம் அதற்குள் இருக்கும். தெருச் சிறுமிகள் நாங்கள் அந்த ஜோபிக்காகவே அவள் பின்னால் சுற்றினோம். காயம் ஆறிய பிறகு அவள் எங்களோடு பாண்டி ஆடினாள். ஒற்றைக் காலில் கட்டம் தாண்டும்போது ஊதாப் பூக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி இறங்கும்.

ஒரு மாதம் முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார்கள். நன்றாக ஆறிவிட்டது, இனி எதை வேண்டுமானாலும் கட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை பெரியம்மா வெள்ளைச் சேலை ஒன்றை மடித்து அத்தை குளிக்கிற இடத்தில் வைத்தாள். அத்தை குளித்துவிட்டு நீல நைட்டியில் வந்தாள். சேலை வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். துண்டு கூடப் போடவில்லை.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். பாகூர் ஸ்கூலில் பன்னிரண்டாவது எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். தாவணிக்கு ஊசி குத்தி மாளவில்லை என்று எப்போதும் அலுத்துக்கொள்வாள். அவள் அத்தையின் நைட்டியை வாங்கிச் செய்தித்தாளில் வைத்து அளவு எடுத்து, அவள் அப்பாவின் புதுக் கைலியை வெட்டி, கையாலேயே ஒன்று தைத்துவிட்டாள். பச்சைக் கட்டம் போட்ட கைலி. கழுத்து ஒரு பக்கம் இறங்கியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு அவள் குழாயடியில் வந்து நின்றதும் தெருவிலிருந்த பாவாடைச் சட்டைக்காரிகள் நாங்கள் எல்லோரும் ஒன்று கேட்டு வீட்டில் அடம்பிடிக்க ஆரம்பித்தோம். அதே வாரம் இன்னொரு வீட்டில் ஒரு கைலி காணாமல் போனது.

அதுவரை அத்தையைப் பற்றி முணுமுணுப்பாக இருந்தது, அதன் பிறகு உரக்கக் கேட்க ஆரம்பித்தது. தாலியறுத்தவளைப் பார்த்துக் கன்னிப் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று கோடி வீட்டுக்காரர் கோயில் முன்னால் நின்று பெரியப்பாவிடம் சொன்னார். ஆடித் தீமிதிக்குக் காப்புக் கட்டுவதற்குள் இதற்கு ஒரு முடிவு சொல்லாவிட்டால் எங்கள் வீட்டுக்குக் கோயிலில் முதல் மரியாதை இல்லை என்றும் சொன்னார். அந்த மரியாதை என் தாத்தாவுக்கும் அப்பா காலத்திலிருந்து வருவது.

அன்று சாயங்காலம் பெரியப்பா கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அத்தை தூணோரம் நின்றாள். நான் அவள் ஜோபியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியப்பா கோபப்படவில்லை. அவருக்கு அவள் மேல் கோபப்பட வராது. ஊர் என்ன பேசுகிறது என்பதைச் சொன்னார். அவளைப் பற்றி ஒருவன் ஒரு வார்த்தை சொன்னாலும் தன்னால் தாங்க முடியாது என்றார். மறுபடி சேலைக்கு மாறாவிட்டால் கொஞ்ச காலம் விழுப்புரத்தில் இருக்கிற ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டில் போய் இருக்கட்டும் என்றார். அந்த வீட்டுக்குப் போவது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒன்பது பேருக்குச் சமைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீ சொல்றத நான் எப்பண்ணே தட்டியிருக்கேன். வெள்ளையில இதுமாதிரி ஒண்ணு கெடச்சா எடுத்தாந்து குடு, போட்டுக்கறேன். சேல மட்டும் என்னால இனிமே முடியாது."

"ஏம்மா முடியாது? வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லண்ணே. அதக் கட்டினா நான் தானா பின்னாடி போயிடறேன்."

வெள்ளையில் கிடைக்காது என்று தெரிந்தே அவள் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தோன்றியது. கிடைக்காதென்றால் தைக்கலாமே என்று பெரியப்பாவுக்குத் தோன்றும் என அவள் நினைக்கவில்லை. மறுநாளே அவர் பாகூர்க் கடைத்தெருவில் வெள்ளை லாங்கிளாத் எடுத்து, நீல நைட்டியை மாதிரிக்குக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து இரண்டு தைத்து வாங்கி வந்தார். கை கூடுதல் நீளம். கழுத்தை ஏற்றித் தைக்கச் சொல்லியிருந்தார். ஜோபி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அத்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வெள்ளை நைட்டியைப் போட்டுக்கொண்டாள். மஞ்சளும் நீலமும் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டன. அவளுக்குக் கை வைத்துக்கொள்ள இடமில்லை. முதல் நாள் பழக்கத்தில் வலது கை இடுப்பைத் தடவித் தடவித் தேடியதைப் பார்த்தேன். ஒரு வாரத்தில் மறுபடி பின்கட்டுக்குப் போய்விட்டாள். பாண்டிக் கட்டத்தில் வந்து நிற்கச் சொல்லிக் கூப்பிட்டால், அப்புறம் வரேன் கண்ணு என்பாள். பெரியவர்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். சிக்கல் நல்லபடியாகத் தீர்ந்தது என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

இனிமேல் வருவதுதான் நான் பெருமையோடு சொல்ல நினைத்தது.

அந்த வருடம் பள்ளியில் ஓவிய டீச்சர் எங்களுக்கு வெண்டைக்காய் அச்சு சொல்லிக் கொடுத்திருந்தார். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, வர்ணத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றினால் ஐந்து இதழ்ப் பூ விழும். முற்றல் காய் என்றால் பெரிய பூ, பிஞ்சு என்றால் சின்னப் பூ. ஒரு மத்தியானம் கொல்லைக் கொடியில் வெள்ளை நைட்டி காற்றில் உப்பி உப்பி அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. எதிர்வீட்டு அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். வாட்டர் கலர் ஒரு அலசலில் போய்விடும், போகாத வர்ணமாக வேண்டும் என்றாள்.

போகாத வர்ணம் எங்கள் மாட்டுக்கொட்டகைப் பரணில் இருந்தது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பூசி மிச்சமிருந்த நீலப் பெயிண்ட். மேலே ஆடை கட்டியிருந்ததைக் குச்சியால் குத்தி உடைத்து, மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கினோம். அக்கா தெருவில் இருந்த எங்கள் வயதுப் பெண்கள் எல்லோரையும் சத்தமில்லாமல் கூட்டி வரச் சொன்னாள். கோடி வீட்டுக்காரரின் மகளும் வந்தாள். அவளை வரச் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னேன். அவள்தான் முதலில் வரவேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். அக்கா கெட்டிக்காரி. பின்னால் வக்கீலாகக் கூட ஆகியிருப்பாள், படிக்க வைத்திருந்தால்.

பெரியவர்கள் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். வெயில் கொட்டகை ஓலை வழியாகப் பொட்டுப் பொட்டாக விழுந்தது. கயிற்றுக் கட்டிலில் நைட்டியை விரித்து, வர்ணம் மறுபக்கம் ஊறாமல் உள்ளே செய்தித்தாளைச் செருகினோம். கீழ் விளிம்பில் அக்கா நேராக ஒரு வரிசை ஒற்றினாள். அதன் பிறகு எல்லோரும் இறங்கிவிட்டோம். மண்ணெண்ணெய் மணம், சாணி மணம், பச்சை வெண்டைக்காய் மணம். மாடு எங்களையே பார்த்து அசை போட்டுக்கொண்டிருந்தது. பிடிபடுவோம் என்று தெரியும். ஆனாலும் ஒருத்திகூடக் கையை எடுக்கவில்லை.

பாதி முடிந்திருக்கும். கொடியிலிருந்த துணியைக் காணாமல் தேடிக்கொண்டு அத்தை கொட்டகைக்குள் வந்தாள்.

அப்படியே நின்றுவிட்டாள். நாங்களும் நின்றுவிட்டோம். என் கையில் தோய்த்த வெண்டைக்காயிலிருந்து வர்ணம் சொட்டி என் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலைச் சுற்றி வந்து தன் நைட்டியை ஏதோ யாருடையதோ போலப் பார்த்தாள். அப்புறம் என் கையிலிருந்த வெண்டைக்காயை வாங்கினாள். வலது பக்கம், இடுப்புக்குச் சற்றுக் கீழே விரலால் தடவி ஓரிடம் கண்டுபிடித்தாள்.

"இங்கதானே ஜோபி இருக்கணும்" என்று சொல்லி, அந்த இடத்தில் ஒரு பூவை அழுத்தி ஒற்றினாள்.

இரண்டாவது நைட்டியையும் அவளே கொண்டு வந்து கொடுத்தாள்.

வர்ணம் காய இரண்டு நாள் பிடித்தது. வைக்கோல் போருக்குப் பின்னால் காயப்போட்டிருந்தோம். மூன்றாம் நாள் காலையில் அத்தை அதைப் போட்டுக்கொண்டு, கழுத்திலிருந்து கால்வரை நீலப் பூவாக, குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனாள். பெயிண்ட் துணியை விறைப்பாக்கிவிட்டதால் நடக்கும்போது தாள் மாதிரிச் சலசலத்தது. அந்தச் சத்தத்துக்கே கதவுகள் திறந்தன. பெரியம்மா அதைத் திரும்பவும் சோடாவில் வேகவைத்துப் பார்த்தாள். கொம்புப் பெயிண்ட் மழைக்கும் வெயிலுக்கும் அசையாதது. அண்டாவுக்கு எப்படி அசையும்?

அன்று மாலை கோயிலில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களும் நாங்களும் மதிலோரம் நின்றோம். அத்தையும் வந்து நின்றாள், அதே நைட்டியில். கோடி வீட்டுக்காரர்தான் அதிகம் பேசினார். இதைச் செய்த பெண்பிள்ளைகள் யாரென்று தெரிய வேண்டும், அவர்களைப் பெற்றவர்கள் சபையில் விழுந்து கும்பிட வேண்டும், அந்த அம்மாளை நாளைக்கே விழுப்புரத்துக்கு பஸ் ஏற்ற வேண்டும் என்றார். சிலர் தலையாட்டினார்கள். பெரியப்பா தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. நாளைக்கு அத்தையின் பக்கத்தில் படுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா கண்ணைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். கையை நீட்டச் சொன்னார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக் கண்ணில் நீலம் போகவில்லை. அவர் என் விரல்களைப் பிடித்துப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மதிலோரம் நின்றவர்களை, ஒவ்வொருத்தியாக, பார்த்துக்கொண்டே வந்தார். சில பெண்கள் கையைப் பாவாடைக்குள் மறைத்தார்கள். அதிலேயே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா மட்டும் மறைக்கவில்லை. கேட்காமலேயே இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி நீட்டினாள். அப்புறம் எல்லோரும். மண்டபத்திலிருந்த ஆண்கள் தங்கள் தங்கள் மகளின் கையைத் தேடினார்கள். கோடி வீட்டுக்காரரின் மகளுக்கு முழங்கை வரை நீலம்.

பெரியப்பா எழுந்து நின்றார். "எந்த வூட்டுப் புள்ள செய்யலன்னு சொல்லுங்க, அந்த வூட்டுக்காரர் பேசட்டும்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அப்புறம் இன்னொருவர். கோடி வீட்டுக்காரர் கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டு, மகள் வந்து கூப்பிட்ட பிறகு எழுந்து போனார். வீட்டுக்கு நடக்கும்போது பெரியப்பா என் கையை விடவே இல்லை. அத்தையிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை. மறுநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து மஞ்சளையும் நீலத்தையும் எடுத்துக் கொடுக்கும்படி பெரியம்மாவிடம் சொன்னார். பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள்.

அந்த ஆடித் தீமிதியில் முதல் மரியாதை எங்கள் வீட்டுக்குத்தான் கிடைத்தது. அத்தை கூட்டத்தில் முன்னால் நின்று பார்த்தாள். தெருக்குழாயில் நைட்டிகள் பெருகின. தீபாவளிக்குள் என் அம்மாவே ஒன்று வாங்கிக்கொண்டாள், வேலை செய்ய வசதி என்று சொல்லி. கோடி வீட்டம்மா போட்டது எப்போது என்று எனக்கு நினைவில்லை. ஒரு நாள் பார்த்தபோது போட்டிருந்தாள்.

அத்தை அதற்குப் பிறகு பின்கட்டுக்குத் திரும்பவில்லை. திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கலர்ச் சேலையும், பிறகு சுடிதாரும் போட்டுக்கொண்டு போனாள். அங்கே கூட வேலை பார்த்த ஒருவரோடு கல்யாணம் பேசி வந்தபோது வேண்டாம் என்றாள். அது பயத்தால் இல்லை. தன் சம்பளத்தில் தன் இஷ்டப்படி இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. லைன் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனாள். என்னைக் காலேஜில் சேர்க்க அப்பாவோடு வந்து நின்றவளும் அவள்தான். நாங்கள் நைட்டியில் பூ ஒற்றியதைப் பெண்பிள்ளைகள் சேர்ந்து செய்த ஒரு விளையாட்டு என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். விளையாட்டாகத்தான் செய்தோம். ஆனால் ஒருத்தியின் வாழ்க்கைக்காகக் கையை நீட்டி நின்றவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு வந்த வேறு எந்தப் பாராட்டும் அதற்கு ஈடில்லை.

பெரியப்பா போன பிறகு நடந்த ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரியம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து தட்டில் வெள்ளைச் சேலை வந்தது. பெரியம்மாவுக்கு அப்போது எண்பதை நெருங்குகிற வயது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். உறவுக்காரப் பெண்கள் சுற்றி நின்றார்கள். யார் முதலில் அந்தச் சேலையை எடுப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்தத் தட்டை ஓரமாக நகர்த்தினாள். தன் பையிலிருந்து ஒரு புதுச் சேலையை எடுத்துப் பெரியம்மாவின் மடியில் வைத்தாள். கரும்பச்சை நிறம், மெல்லிய கரை. வயதானவள், ஊரும் உறவும் பார்க்கிறது என்று யோசித்து, அடக்கமாகத்தான் வாங்கியிருந்தாள்.

பெரியம்மா அதைப் பிரித்தாள். முந்தானையைப் பார்த்தாள். சேலையின் உடம்புப் பகுதியைப் பார்த்தாள். திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் பார்த்தாள். பிறகு அத்தையை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"இன்னாடி, ஒரு பூகூட இல்லாததையா எடுத்தாந்த?"